நடுவயதுப் புயல்

ஸ்போர்ட்ஸ் காரைத் தமிழில் ‘பந்தயக் கார்’ என்று எழுதிவிடுவது பத்திரிகை வழக்கம். ‘விளையாட்டுக் கார்’ என்றால் வாசகர் பொம்மை என்று நினைத்துவிடுவார் என்ற பயம். ஆனால் உண்மைக்கு நெருக்கமாக இருப்பது இரண்டாவது சொல்தான். இரண்டே இருக்கை, மடக்கும் கூரை, சின்ன இன்ஜின், குறைந்த எடை. யாரையும் ஜெயிக்க வேண்டும் என்ற கவலை இந்த ரகக் கார்களுக்குக் கிடையாது.

1960-களில் இங்கிலாந்தின் லோட்டஸ் எலான் இந்த ரகத்துக்கு இலக்கணம் வகுத்தது. பிறகு எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில், 1989-ல் ஜப்பானிலிருந்து மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தது. 1,600 சிசி இன்ஜின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. 2016-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது அதன் உற்பத்தி.

நம் நாட்டிலும் ஒன்று இருந்தது. 1998-ல் வந்த சான் ஸ்டார்ம். பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸின் கார். தயாரானது கோவாவில், வடிவமைப்பு பிரெஞ்சுக்காரர்களுடையது. கண்ணாடி இழை உடலுக்குள் ரெனோவின் 1,149 சிசி இன்ஜின். சக்தி சுமார் 60 குதிரைகள். அதே ஆண்டு இங்கே அறிமுகமான ஹோண்டா சிட்டியில் பெரிய இன்ஜினுக்குக் கிட்டத்தட்ட 100. இதற்குப் போய் ‘புயல்’ என்று பெயரா என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் அதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பனாஜியில் வங்கி அதிகாரியாக இருந்த என் நண்பர் 1999-ஆம் வருடத்து ஸ்டார்ம் வைத்திருக்கிறார். மழை விட்ட ஒரு காலையில் அதில் கோவாவிலிருந்து பெல்காம் போகும் சோர்லா மலைப்பாதையில் ஏறினோம். வேகமானி 50-ஐத் தொடவில்லை; உடம்புக்கு அது 90 போலத் தெரிந்தது. இருக்கை அவ்வளவு தாழ்வு. எதிரே வரும் லாரியின் சக்கரம் தோள் உயரத்துக்கு நிற்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஈர மண் வாசனை மாறுவது தெரிகிறது. ஏசி போட்ட பெரிய காரில் இதே பாதை வெறும் இரண்டு மணி நேரத் தூக்கம்.

இந்த சுகத்துக்கு விலை உண்டு. கண்ணாடி இழை துருப்பிடிக்காது. கடற்காற்று வீசும் கோவாவில் அது பெரிய வரம். ஆனால் அடியில் இருக்கும் இரும்புச் சட்டமும் போல்ட்டுகளும் பிரேக் குழாய்களும் துருப்பிடிக்கும். பளபளப்பான மேனியைப் பார்த்து ஏமாறாமல் முதுகைத் தரையில் போட்டுப் படுத்து அடியைப் பார்க்க வேண்டும். உடலில் விரிசல் விட்டால் டிங்கர் கடையில் வேலை நடக்காது. நண்பர் போவது மீன்பிடிப் படகு பழுதுபார்ப்பவரிடம். இழைத் துணியும் ரெசினும் அவருக்குக் கைவந்த சமாச்சாரம்.

இன்ஜின் விஷயம் வேறு. ரெனோ பெயர் தாங்கிய கார் இந்தியக் கடைக்கு வந்ததே 2007-ல், மஹிந்திராவுடன் சேர்ந்து. ஆனால் இதே இன்ஜின் ஐரோப்பாவில் ட்விங்கோ, கிளியோ போன்ற சாமானியக் கார்களில் ஓடியது. உதிரி பாகம் அங்கே மலிவு. இங்கே வந்து சேரும் கூலிதான் அதிகம். கூரைத் துணி, ஜன்னல் ரப்பர் போல இந்தக் காருக்கே உரியவற்றை அளவெடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். ஹிரோஷிமாவில் 2017 முதல் மாஸ்டா நிறுவனமே தன் பழைய எம்எக்ஸ்-5 கார்களை வாங்கிப் புதுப்பித்துத் தருகிறது, நின்றுபோன கூரையையும் டயரையும்கூட மறுபடி செய்ய வைத்தது என்று சொன்னேன். நண்பர் பெருமூச்சு விட்டார்.

அவருக்கு இப்போது டெல்லிக்கு மாற்றல். கார் வர முடியாது. தலைநகர் பகுதியில் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உரிமையாளர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்ற நீதிமன்றம், டிசம்பரில் அந்தச் சலுகையை பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1999-ல் பி.எஸ்.-4 ஏது?

சரி, பழம்பெரும் வாகனமாகப் பதியலாமே? 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி அதற்கு 50 வயது ஆக வேண்டும். அதாவது 2049. அப்போது நண்பருக்கு 76.

டெல்லிக் காற்றைச் சுவாசிக்கிறவர்கள் இந்தத் தடையைக் கேலி செய்ய முடியாது. குளிர்காலத்தில் குழந்தைகள் இருமுவதைக் கேட்டவர்களுக்கு ஒரு விளையாட்டுக் காரின் சோகம் பெரிதாகப் படாது. ஆனால் வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் அதைப் பத்தே நாளில் ஓடி முடிக்கும் டாக்ஸியையும் ஒரே பிறந்த தேதியால் அளப்பது சோம்பேறி நியாயம். ஜெர்மனியில் 30 வயதான, மூல வடிவம் கெடாத கார் சோதனையில் தேறினால் ‘எச்’ எழுத்துள்ள எண் பலகை தருகிறார்கள். புகைக் கட்டுப்பாடு உள்ள நகர்ப் பகுதிகளிலும் அது நுழையலாம். இங்கே புகைச் சோதனை, வருடாந்திர கிலோமீட்டர் உச்சவரம்பு, ஞாயிறு மட்டும் அனுமதி என்று ஏதாவது ஒரு நடுவழியை யோசிக்கலாம். 15-க்கும் 50-க்கும் நடுவே இருக்கும் வண்டிகளைப் பற்றி எந்த விதியும் பேசவில்லை.

ஸ்டார்ம் இப்போது போண்டாவில், நண்பரின் மைத்துனர் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. பேட்டரி இறங்காமலிருக்க ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவர் அதைச் சந்தை வரை ஓட்டிப்போய் வருகிறார். அடுத்த பதிவுப் புதுப்பித்தல் 2029-ல். இருபது வயது தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பிரான்சுக்கு எழுதிக் கேட்ட டைமிங் பெல்ட் மட்டும் போன வாரம் டெல்லி முகவரிக்கு வந்து சேர்ந்தது.