ஒளியிழைத் தடத்தின் கொள்ளளவு: வகுத்தல் மட்டும் போதாது

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நம் நாட்டில் தசம நாணயம் வழக்கத்திற்கு வந்தபோது, ஓரணாவுக்கு 6¼ நயா பைசா என்ற கணக்கு வாங்குவோரையும் விற்போரையும் ஒருங்கே சோதித்தது. அந்தக் கால் பைசா யார் கணக்கில் சேர்வது என்பதே அன்றைய கேள்வி. ஒளியிழைத் தொலைத்தொடர்பில் பணியாற்றும் களப் பணியாளரும் அதனைக் கற்பிக்கும் ஆசிரியரும் இன்று எதிர்கொள்ளும் கேள்வியும் இத்தகையதே. ஆயினும் இங்கு மறைவது கால் பைசாவன்று. பல ஊர்களுக்குப் போதிய தொடர்பே மறைந்துவிடுகிறது.

எஸ்.டி.எம்.-1 எனப்படும் தடம் விநாடிக்கு 155.52 மெகாபிட் வேகமுடையது. நம் நாட்டில் வழங்கும் ஈ-1 சுற்று விநாடிக்கு 2.048 மெகாபிட் வேகத்தில் 30 பேச்சு வழிகளைச் சுமப்பது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் முழுச் சுற்றுகள் 75 என்று விடை வரும். ஆனால் அத்தடத்தில் ஏற்றக்கூடிய ஈ-1 சுற்றுகள் 63 மட்டுமே. 75 என்று நம்பித் திட்டம் தீட்டினால் 12 சுற்றுகள் தாளில் மட்டும் இருக்கும். அவற்றை எதிர்பார்த்திருக்கும் அலுவலகங்களுக்கு விடை கூற வேண்டியவர், அந்தக் கணக்கைப் போடாத களப் பணியாளரே ஆவார்.

எஞ்சியவை எங்கே சென்றன? இதனை அறியக் கரும்பலகையும் பெருக்கல் வாய்ப்பாடுமே போதும். எஸ்.டி.எம்.-1 தடத்தில் செய்தி 9 வரிசைகளும் 270 பத்திகளும் கொண்ட சட்டகமாகச் செல்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு பைட். விநாடிக்கு 8,000 சட்டகங்கள். ஆகவே ஒரு கட்டம் என்பது விநாடிக்கு 64 கிலோபிட், அதாவது ஒரு பேச்சு வழி. 2,430 கட்டங்களை 64-ஆல் பெருக்கினால் 1,55,520 கிலோபிட் கிடைக்கிறது. இப்பத்திகளுள் 9 பத்திகள் தடத்தின் நிர்வாகத்திற்கும், ஒரு பத்தி பாதையின் கண்காணிப்புக்கும் உரியவை. எஞ்சிய 260 பத்திகளே பயன்சுமைக்குரிய இடம். அதன் அளவு விநாடிக்கு 149.76 மெகாபிட். ஈ-1 சுற்றுகளை ஏற்றும்போது அதிலும் 8 பத்திகள் நிரப்பிகளாக வாளாவிருக்கும். மிகுந்த 252 பத்திகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் 4 பத்திகள் வேண்டும். ஆகவே 63. ஒரு சுற்றுக்குரிய 36 கட்டங்களில் 32 மட்டுமே அதன் செய்தி. மற்றை 4 கட்டங்கள் அதனைக் கண்டறிந்து ஒழுங்கு செய்வதற்கானவை.

இதே தடத்தில் 139.264 மெகாபிட் வேகமுள்ள பழைய தொகுப்பு ஒன்றை முழுமையாக ஏற்றினால், அதனுள் 64 ஈ-1 சுற்றுகள் அடங்கியிருக்கும். தடம் ஒன்றே, ஏற்றும் முறை மாறின் எண்ணிக்கையும் மாறுகிறது. ஆதலால் ஏற்றும் முறையைக் கூறாது கொள்ளளவை மட்டும் கூறுவது, மூட்டையின் அளவைக் கூறாது வண்டியில் எத்தனை மூட்டை ஏறும் என்று கூறுவதை ஒக்கும்.

புதிய ஓ.டி.என். முறையிலும் இப்பாடம் மாறவில்லை. ஓ.டி.யூ.-1 தடத்தின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2,666 மெகாபிட். அதன் பயன்சுமையோ 2,488.32 மெகாபிட், அதாவது ஓர் எஸ்.டி.எம்.-16 மட்டுமே. ஒவ்வொரு வரிசையிலும் உள்ள 4,080 பத்திகளுள் 3,808 பத்திகளே சுமைக்குரியவை. மற்றையவற்றுள் பெரும்பகுதி பிழை திருத்தத்திற்குச் செல்கிறது. அது வீணன்று, நெடுந்தொலைவு செல்லும் ஒளி சிதையினும் செய்தி சிதையாதிருக்க நாம் செலுத்தும் விலையாகும்.

பிட்டும் பைட்டும் மயங்குவது மற்றொரு குறை. கிராமப் பஞ்சாயத்துகளை ஒளியிழையால் இணைக்க 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற திட்டம், பஞ்சாயத்து ஒன்றுக்கு விநாடிக்கு 100 மெகாபிட் என்று குறித்தது. இது 12.5 மெகாபைட்டுக்கு மேற்படாது. பள்ளி ஆசிரியர் தம் கணிப்பொறியில் 12 என்ற எண்ணைக் கண்டு, தமக்குரியதில் எட்டில் ஒரு பங்கே வந்ததென வருந்தின், குறை இழையிலன்று, அலகிலேயே உள்ளது. மேலும், தொலைத்தொடர்பில் கிலோ என்பது 1,000. கணிப்பொறி நினைவகக் கணக்கிலோ 1,024 என்றும் கொள்வதுண்டு. கிகா அளவில் இவ்வேறுபாடு ஏழு விழுக்காட்டைத் தாண்டுகிறது.

கணிப்பொறியே மாற்றிக் கணக்கிட்டுத் தரும்போது இத்தொல்லை எதற்கு என்று சிலர் வினவுவர். பொறி, கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும், 155.52-ஐ 2.048-ஆல் வகுக்கச் சொன்னால் அதுவும் பிழையின்றி வகுத்துத் தரும். கேள்வியே தவறு என்பதை அறிய வேண்டியவன் மனிதனே.

ஆகவே இரு முறைகளைக் கைக்கொள்ளுதல் நலம் என்பது எம் கருத்து. களப் பதிவேட்டில் தடத்தின் வேகம், பயன்சுமை, ஏற்றும் முறையுடன் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதுக. பிட், பைட் என்பனவற்றைச் சுருக்கெழுத்தால் குறியாது முழுமையாக எழுதுக. வகுப்பறையில் மாற்று அட்டவணையை மனப்பாடம் செய்விக்காது, சட்டகத்தை வரைந்து கட்டங்களை எண்ணச் செய்க. அட்டவணை மறந்துபோகும், எண்ணக் கற்றவன் அதனைத் தானே மீண்டும் எழுதிக்கொள்வான்.