பத்திரமில்லா வீடுகள்

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் நகராட்சியின் வேலைகளை நெடுங்காலம் சுரங்க நிறுவனமே செய்துவந்தது. குடிநீர், துப்புரவு, மருத்துவமனை, ‘லைன்’ வீடுகளின் பழுதுபார்ப்பு அனைத்தும் அதன் பொறுப்பு. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, தொழிலாளர் வேலையோடு முறையிடும் இடத்தையும் இழந்தனர்.

இன்று இராபர்ட்சன்பேட்டை நகராட்சி உண்டு, வாக்குரிமையும் உண்டு. ஆயினும், தலைமுறைகளாக வாழும் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் இல்லாதோர் பலர். நகராட்சிப் பதிவேட்டில் பெயர் ஏறும் ‘காத்தா’ வரி செலுத்த உதவும். அது மட்டுமே உரிமைச் சான்றாகாது. கூரை மாற்றக் கடன் கேட்போரிடம் அவ்வீட்டை ஈடாகப் பெற எம்மால் இயலுவதில்லை. அவர்கள் நகைக்கடனை நாடுகின்றனர். தங்கம் வெட்டிய ஊரில் ஓடு மாற்றத் தங்கத்தை அடகு வைக்கும் நிலை!

வீடுகள் மத்திய அரசு நிறுவனத்துடையவை, பதிவேடோ நகராட்சியிடம். இருவரும் ஒருங்கே அமர்ந்து லைன் லைனாகக் கணக்கெடுத்தாலன்றி இது தீராது. தெருவிளக்குக்காக வார்டு உறுப்பினரை அணுகுவோர் இதனையும் வலியுறுத்த வேண்டும். அதுவரை வீடு ஒதுக்கீட்டு ஆணை, பணிச் சான்று, மின்கட்டண ரசீது, வாரிசுச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் பேணுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.