திருடன் வெளியிலிருந்துதான் வருகிறானா?

செல்பேசித் திருட்டைத் தடுக்கும் பூட்டு ஐபோனில் 2013 முதலும் ஆண்ட்ராய்டில் 2015 முதலும் இருக்கிறது. திருடியவன் போனில் உள்ளதையெல்லாம் அழித்தாலும், மறுபடி திறக்கும்போது முன்பு அதிலிருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டுதான். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் உரிமையாளர் யார் என்பதை இந்தப் பூட்டு எப்படித் தெரிந்துகொள்கிறது? காசு கொடுத்து வாங்கியவரை அதற்குத் தெரியாது. கையில் வைத்து அன்றாடம் புழங்குகிறவரையும் தெரியாது. எவருடைய கணக்கு ஏறியிருக்கிறதோ அவரே உரிமையாளர்.

முதலாமாண்டு மாணவிகளிடம் நான் கேட்பதுண்டு: உன் போனில் இருக்கும் ஜிமெயில் யாருடையது? அண்ணனுடையது என்பாள் ஒருத்தி. அப்பாவுடையது, மாமா போட்டுக் கொடுத்தார், கடைக்காரரே ஏதோ ஒன்றை அடித்துக் கொடுத்தார் என்று பதில்கள் வரும். உதவித்தொகையில் தானே வாங்கிய போனாக இருந்தாலும் இதே கதைதான். போன் ஒழுங்காக ஓடும்வரை இது ஒரு பொருட்டாகவே தெரிவதில்லை. பழுது வரும்போதுதான் தெரிகிறது. பேட்டர்ன் மறந்து போய்விட்டது, அல்லது மென்பொருள் கெட்டு லோகோவிலேயே நின்றுவிட்டது; கடைக்காரர் ரீசெட் போடுகிறார்; திரை பழைய கணக்கைக் கேட்கிறது. இப்போது அவள் அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும். அவன் கேட்கும் முதல் கேள்வி, “ஏன் அழிச்சே? அதுல என்ன இருந்துச்சு?” என்பதுதான்.

கணக்கு அவனுடையதாக இருந்தால் அவன் செய்யக்கூடியவை இன்னும் உண்டு. போன் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். காணாமல் போனதாகக் குறித்துத் தொலைவிலிருந்தே பூட்டலாம், அழிக்கலாம். படங்களைச் சேமிக்கும் வசதி இயங்கினால் அவள் எடுக்கும் ஒவ்வொரு படமும் அவன் கணக்கில் போய் விழும். அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறும் பெண்ணின் கையிலிருக்கும் போன், கணவனின் கணக்கில் இருந்தால், அந்தப் பூட்டின் பார்வையில் அவள்தான் திருடி.

இதில் வர்க்கமும் சேரும்போது இன்னும் மோசம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு முதலாளியம்மா பழைய போன் ஒன்றைக் கொடுக்கிறார். கணக்கை நீக்கிக் கொடுக்க வேண்டும் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து அது கெட்டுப்போகிறது. ரீசெட் செய்ததும் யாரோ ஒருவரின் மின்னஞ்சலைக் கேட்கிறது. பில் இருக்கிறதா என்கிறார் கடைக்காரர். பரிசாக வந்த பொருளுக்கு ஏது பில்? அந்தப் பார்வையை அவள் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டை உடைக்க அவர் கேட்கும் தொகையைக் கொடுக்க வேண்டும். பூட்டின் பெயர் பாதுகாப்பு. விசாரிக்கப்படுகிறவளோ எதையும் திருடாதவள்.

திருடன் எப்போதும் அந்நியன், தெருவில் இருப்பவன் என்கிற கற்பனைதான் இதன் அடியில் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஆப்பிள் ஒரு புதிய காவலைக் கொண்டுவந்தது. பூட்டெண்ணை எட்டிப் பார்த்துவிட்டுப் போனைப் பறிக்கிறவர்களுக்கு எதிரானது அது. அதை இயக்கி வைத்தால், முக்கியமான மாற்றங்களுக்கு எண் மட்டும் போதாது. முகமோ விரல்ரேகையோ வேண்டும், சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கவும் வேண்டும். வெளியூரில் முகத்தைப் படிக்கும் கேமராவே உடைந்துபோனால் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கான மாற்றங்களைச் செய்வதிலேயே சிக்கல் வரும் என்பது தனிக்கதை. எனக்கு உறுத்துவது வேறு. முதலில் வந்தபோது, ‘பழக்கமான இடங்களில்’, அதாவது வீட்டிலும் வேலையிடத்திலும், இந்தக் காவல் தானே விலகிக்கொண்டது. வீட்டுக்குள் எண் தெரிந்தால் போதும். இதை வாசித்தபோது நான் வகுப்பில் நடத்தும் இற்செறிப்புத் துறைதான் நினைவுக்கு வந்தது. பெண்ணை வீட்டுக்குள் வைத்தால் ஆபத்து முடிந்தது என்று நம்பியவர்கள் கலிபோர்னியாவிலும் இருக்கிறார்கள். எங்கிருந்தாலும் காவல் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி பிறகு வந்தது. அதைத் தேடிப் போய் மாற்றுவது அவள் பொறுப்பு.

இனி கடை மேசை. போனைக் கொடுத்ததும் பூட்டெண் கேட்கிறார்கள். பெயர், தொலைபேசி எண் எழுதிய சீட்டில் அதையும் எழுதி, பேட்டர்ன் என்றால் ஒன்பது புள்ளி வைத்துக் கோடு இழுத்து, போனின் முதுகில் ஒட்டுகிறார்கள். திருடனுக்கு எதிராக இத்தனை அடுக்குப் பூட்டு. சாவி வெளியே ஒட்டப்பட்டிருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடிக்கணினிகளைப் பழுதுபார்க்கும் கடைகளில் கொடுத்துச் சோதித்தார்கள். பேட்டரி மாற்றுவதற்குக்கூடப் பெரும்பாலான கடைகள் கடவுச்சொல் கேட்டன. உள்ளே புகுந்து பார்த்தவர்கள் உண்டு, படங்களை நகலெடுத்தவர்கள் உண்டு. பெண்கள் கொடுத்த கணினிகளில்தான் இது அதிகம். தெருமுனைக் கடையில் மட்டும்தான் இப்படி என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் ஓரிகன் மாநில மாணவி ஒருவர் 2016இல் தன் ஐபோனை ஆப்பிளிடமே பழுதுபார்க்க அனுப்பினார். ஒப்பந்த நிறுவனத்தில் அதைக் கையாண்டவர்கள் அவருடைய அந்தரங்கப் படங்களை அவர் முகநூல் பக்கத்திலேயே ஏற்றினார்கள்.

இதைச் சொன்னதும், “அப்படிப்பட்ட படத்தை ஏன் எடுக்கிறாய்?” என்று கேட்க ஆள் வரும். பீரோவைப் பழுதுபார்க்க வந்தவன் உள்ளே இருக்கும் துணியைக் கிளறினால், ஏன் துணி வைத்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

வழி இல்லாமல் இல்லை. சாம்சங் 2022இல் பராமரிப்பு நிலை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதை இயக்கிக் கொடுத்தால் பழுதுபார்ப்பவர் போனைச் சோதிக்கலாம். படமும் செய்தியும் அவர் கண்ணில் படாது. வெளியேற நம் பூட்டெண் வேண்டும். கூகுளின் பிக்சலிலும் இது உண்டு. ஆப்பிளும் 2024இல், திருட்டுக் காவலை அணைக்காமலே பழுதுக்குக் கொடுக்க வழி செய்தது. தொழில்நுட்பத்தால் முடியாது என்ற பேச்சு இதோடு தீர்ந்தது. அப்படியானால் பெண்கள் அதிகம் வாங்கும் விலை குறைந்த போன்கள் பலவற்றில் இது ஏன் இல்லை? திரை செத்துப்போன பிறகு இதை இயக்க முடியாதே, அதற்கு என்ன வழி? கணக்கு ஒருவருடையது, போன் இன்னொருவருடையது என்ற நிலையில் வாங்கியவளின் பில்லையும் அடையாள அட்டையையும் பார்த்து அவளுக்கே திறந்து கொடுக்கும் நடைமுறையை நிறுவனங்கள் ஊர் ஊராக ஏன் வைக்கக் கூடாது? பழுதுபார்க்கும் உரிமைக்காக இந்திய அரசு 2022இல் தளம் ஒன்றைத் தொடங்கியது. அந்த விவாதத்தில் உதிரிபாகம் வருகிறது, விலை வருகிறது. பழுது மேசையில் பெண்ணின் அந்தரங்கம் என்பதையும் அதில் நாம் ஏற்ற வேண்டும்.

அதுவரை, தோழிகளே, பேட்டரிக்கும் சார்ஜிங் பின்னுக்கும் பூட்டெண் கொடுக்காதீர்கள். சோதிக்க வேண்டுமென்றால் நீங்கள் நிற்கும்போது, நீங்களே திறந்து காட்டுங்கள். சீட்டில் எழுத விடாதீர்கள். உங்கள் போனின் அமைப்புகளில் இருக்கும் கணக்கு யாருடையது என்று பாருங்கள். அம்மாவின் போனிலும் பாருங்கள். வேறொருவருடையது என்றால், படங்களையும் தொடர்பு எண்களையும் பத்திரப்படுத்திவிட்டு, சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். வன்முறை இருக்கும் வீடு என்றால் மட்டும் அவசரப்பட வேண்டாம்: கணக்கு நீங்கியது அவனுக்குத் தெரிந்துவிடும். முதலில் பாதுகாப்பான ஓர் இடமும், நம்பகமான ஒரு துணையும், அவன் அறியாத வேறொரு போனும் வேண்டும்.