நெருப்பில் இறங்கி வா!

தில்லையைக் காணத் துடித்தான் நந்தன். ஆதனூரிலே உழைத்து ஓடாய்த் தேய்ந்தவன். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாட்களை எண்ணியவன். ஒருநாள் வந்தான். ஊரின் எல்லையிலே நின்றான். உள்ளே கால் வைக்க அவனுக்கு உரிமை இல்லை! வரலாம், ஆனால் நெருப்பில் இறங்கி வா என்கிறது புராணம். அவன் அன்பிலே குறை கண்டார் எவருமில்லை. பிறந்த இடத்திலேதான் குறை கண்டனர்! உள்ளேயிருந்த மூவாயிரவர் எந்தத் தீயில் மூழ்கி எழுந்தனர் என்று கேட்க அன்று ஓர் ஆள் இல்லை.

இன்று அதே சிதம்பரத்திலே இன்னொரு வாயில். மருத்துவக் கல்லூரியின் வாயில். அங்கே வந்து நிற்கிறான் ஓர் இளைஞன். தந்தை கழனியை அடகு வைத்தார், தாய் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தந்தாள், கடல் கடந்து படித்துத் திரும்பியிருக்கிறான்.

"யார் நீ?"

"மருத்துவன்."

"எங்கே படித்தாய்?"

"உக்ரைனில். ஆறாண்டுகள்."

"அங்கே நீ மருத்துவன், இங்கே?"

"அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"எழுது, காத்திரு, மறுபடி எழுது, மறுபடி காத்திரு!"

மேடைக்காக நான் தீட்டிய காட்சி இது என்று எண்ணிவிடாதீர்கள். கடலூர் மாவட்டத்து ஊர்களிலே, உக்ரைனுக்கும் சீனத்துக்கும் பிலிப்பைன்சுக்கும் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். வசனம் முழுவதையும் அவர்களே ஒப்பிப்பார்கள்.

சட்டம் சொல்வது என்ன? 2001-ல் நாடாளுமன்றம் இந்திய மருத்துவக் கழகச் சட்டத்தைத் திருத்திற்று. 2002 முதல், வெளிநாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் இந்தியர் ஒரு தகுதித் தேர்வில் தேறினால்தான் இங்கே பதிவு பெறலாம். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. வினாக்கள் 300, வெற்றிக்கு 150 மதிப்பெண். 149 பெற்றவன் மீண்டும் அரையாண்டு காத்திருக்க வேண்டும். எழுதியவரில் நாலில் ஒருவர்கூடத் தேறாத ஆண்டுகளே மிகுதி. தேறியவனும் ஓராண்டு, ஹவுஸ் சர்ஜன் என்று நாம் அழைக்கிறோமே, அந்தப் பயிற்சியை முடித்தாக வேண்டும். 2021 நவம்பரில் புதிய விதிகள் பிறந்தன: 54 திங்கள் படிப்பு, அங்கேயே 12 திங்கள் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில், அந்நாட்டிலும் பதிவு பெறும் தகுதி, யாவும் பத்தாண்டுகளுக்குள். அத்தனைக்கும் பிறகு, இங்கே இன்னொரு 12 திங்கள் பயிற்சி!

"என்ன ஐயா, தேர்வே கூடாது என்கிறீரா? கண்டவனும் கத்தியை எடுத்து வயிற்றைக் கிழிக்கலாமா?" என்று கேட்பர் சிலர். கூடாது! ஏழையின் உயிர் எவருக்கும் விளையாட்டுப் பொருளல்ல. தேர்வில் தேறாமலே பதிவு பெற்றனர் என்று 73 பேர் மீது சி.பி.ஐ. 2022-ல் வழக்குத் தொடுத்ததை நாம் மறக்கவில்லை. போலியைப் பிடியுங்கள், பொறுக்கி எடுங்கள், சிறையில் தள்ளுங்கள். தேர்வை நாம் வெறுக்கவில்லை. தேர்வு என்பது திறமையை அளக்கும் கோலாக இருக்க வேண்டும், படித்த நாட்டைப் பார்த்து நீளவும் குறுகவும் கூடாது என்பதே நமது வாதம்.

நீண்டு குறுகுகிறதா அந்தக் கோல்? ஆம்! இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து — இந்த ஐந்து நாடுகளில் முதுநிலைப் பட்டமும் பெற்று, அங்கே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் உடையவருக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அந்நாடுகளின் பயிற்சி சிறந்தது, ஆராய்ந்துதான் விலக்களித்தோம் என்பர். நன்று! ஆராய்வது நல்ல பழக்கம். அந்த ஆராய்ச்சி ஐந்து நாடுகளோடு ஏன் களைத்து நின்றது? ஏனைய நாடுகளின் கல்லூரிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டு, இது நன்று, இது தீது என்று மாணவன் விமானம் ஏறுமுன்பே ஏன் பட்டியலிட்டுச் சொல்லவில்லை?

அளக்கப்படுபவனின் வேதனையை அறியாத நாடா இது? தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் விலைக்கு வாங்கிக் கடலூரில் கால் ஊன்றிய வெள்ளையனிடம், ஆளும் தகுதிக்குச் சான்றிதழ் எங்கே என்று நாம் கேட்கவில்லை. அவனோ, 1930-ல், இந்தியப் பல்கலைக் கழகங்களின் மருத்துவப் பட்டம் எமக்குச் செல்லாது என்று ஏற்பை விலக்கினான். கொதித்தது நாடு! அதன் விளைவாக 1933-ல் சட்டம் வந்தது. மறு ஆண்டே இந்திய மருத்துவக் கழகம் அமைந்தது. தன் பட்டத்தை அந்நியன் மதிக்கவில்லையே என்ற மானத்திலே பிறந்த கழகம் அது! பிறகு, 1948-ல் தொடங்கிய இங்கிலாந்தின் தேசிய சுகாதாரப் பணியை நம் துணைக்கண்டத்து மருத்துவர்கள் தோள் கொடுத்துத் தாங்கினர். 1975-ல் மீண்டும், உங்கள் பட்டம் போதாது, தேர்வு எழுதி வாருங்கள் என்றது அந்நாடு. அன்று சுட்டது நமக்கு. சுடுபட்டவன் அடுத்தவன் கையைப் பிடித்து நெருப்பிலே வைப்பதா?

"இங்கே படிக்காமல் அங்கே ஏன் ஓடினான்?" என்று ஏளனம் பேசுவோர் உண்டு. விடையை வேறெங்கும் தேட வேண்டாம், சிதம்பரத்திலேயே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1929-ல் எழுந்தது. அதன் இராசா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-ல். 2013-ல் தனிச்சட்டம் இயற்றிப் பல்கலைக் கழகத்தை அரசு ஏற்றது. ஏற்ற பின்னும், பிற அரசுக் கல்லூரிகளில் சில ஆயிரம் ரூபாயாக இருந்த ஆண்டுக் கட்டணம் இங்கே ஐந்து இலட்சத்துக்கு மேல்! 2020 இறுதியிலும் 2021 தொடக்கத்திலும் மாணவர்கள் வாரக்கணக்கில் அறப்போர் நடத்திய பிறகே கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின் கைக்கு வந்து, கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று, கட்டணமும் இறங்கிற்று. சொந்த மாவட்டத்திலே அந்த விலை சொல்லப்பட்ட நாட்களில், அதனினும் மலிவாக அயல்நாட்டில் ஓர் இடம் கிடைத்தால் ஏழைத் தந்தை எதைத் தேர்ந்தெடுப்பான்? ஓடினான் என்கிறீர்கள், துரத்தப்பட்டான் என்கிறேன் நான்!

ஓட்டத்தின் நடுவே பந்தயத்தின் விதியை மாற்றும் கொடுமையும் நடந்தது. கொரோனா சீனத்து வாயிலை அடைத்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைனிலே குண்டுகள் வெடித்தன. தமிழ்நாட்டு மாணவர் மட்டுமே ஏறத்தாழ 2,000 பேர் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தனர். இறுதியாண்டுப் பாடத்தைக் கணிப்பொறித் திரையிலே கற்று முடித்தோர்க்கு, பயிற்சி ஓராண்டல்ல, ஈராண்டு என்று 2022 ஜூலையில் டில்லியிலுள்ள தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. நோயாளியைத் தொட்டுப் பாராத படிப்பு போதாது என்றனர், மெத்தச் சரி. ஆனால் எவன் எதைக் கற்றான், எதை விட்டான் என்று ஆளுக்கு ஆள் சோதித்தா இந்த ஈராண்டு? இல்லை! நான்கு திங்கள் இழந்தவனுக்கும் இருபது திங்கள் இழந்தவனுக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்தனர்.

தேறியவனுக்காவது வாயில் அகலத் திறந்ததா? அதே ஆண்டு மார்ச்சுத் திங்கள் சுற்றறிக்கையில் ஆணையம் சொன்னது: கட்டணம் வாங்காதீர், உதவித்தொகை சமமாகத் தருக. நல்ல சொற்கள்! கூடவே, ஒரு கல்லூரியின் இடங்களில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் இவர்களைச் சேர்க்கலாகாது என்றொரு பூட்டு. 150 இடங்கள் உள்ள கல்லூரியில் பதினொரு பேர்! பன்னிரண்டாமவன், தேர்விலே வென்றவன், வரிசையிலே தோற்றவன்.

நாம் கேட்பது மூன்று.

ஒன்று: போகுமுன் சொல். எந்தக் கல்லூரியின் பட்டம் செல்லும், எது செல்லாது என்று ஆண்டுதோறும் அரசே வெளியிடட்டும். தரகனின் துண்டறிக்கையை நம்பித் தந்தை நிலத்தை விற்கும் நிலை ஒழியட்டும். புறப்பட்ட நாளில் இருந்த விதியே திரும்பி வரும் நாள்வரை அவனை ஆளட்டும்.

இரண்டு: வந்தபின் வழி காட்டு. தேறாதவனை வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்காதே. எந்தப் பாடத்தில் குறையோ அந்தப் பாடத்தில், அரசு மருத்துவமனையில், மூத்த மருத்துவரின் கண்காணிப்பில் பயிற்சி கொடு. பிறகு அளந்து பார்.

மூன்று: மாநிலத்தைக் கேள். மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவத் தொழிலோ பொதுப்பட்டியலில். காட்டுமன்னார்கோயிலிலும் விருத்தாசலத்திலும் பண்ருட்டியிலும் மருத்துவமனையை நடத்துவது தமிழ்நாடு. அங்கே எத்தனை பயிற்சி மருத்துவரை ஏற்கலாம் என்று கணக்கிட்டுச் சொல்லும் அறிவு, அதை நடத்துகிறவனுக்கு இல்லையா? பயிற்சிக்கு வருவோரிடம் இலட்சக் கணக்கில் பெறப்பட்டு வந்த கட்டணத்தை 2022-ல் வெகுவாகக் குறைத்தது தமிழ்நாடு அரசு. மாநிலத்துக்கு மனமிருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு அதுவே சான்று. அந்த வழியின் குறுக்கே டில்லி சுவர் எழுப்பலாகாது.

இந்த மூன்றும் சலுகையல்ல, பிச்சையும் அல்ல. நள்ளிரவிலே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்க்கு, மருத்துவன் எந்த நாட்டிலே படித்தான் என்பது கவலையல்ல. அவனுக்குத் தொழில் தெரியுமா என்பதே கவலை. அதை அளந்து சொல்வதுதான் அரசின் கடமை. அளக்கட்டும், நேர்மையாக அளக்கட்டும், விரைந்து அளக்கட்டும்! அளந்து தேறியவனை வாயிலில் நிற்க வைக்கும் ஒவ்வொரு நாளும், அந்தத் தாயின் வரிசைதான் நீள்கிறது.