நடு முற்றத்தை யாருக்கு விட்டுக்கொடுப்பது?

போன மாதம் எங்கள் சாலில் ஒரு பெரியவர் காலமானார். பாடையை அவர் வீட்டு வாசலில் வைக்க இடமில்லை. சந்தில் சாய்த்துப் பிடித்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், பஸ் நிறுத்தத்துக்கு அருகில் இறக்கி வைத்துத்தான் சடங்குகளைச் செய்தோம். நான் பள்ளிக்கூடம் போன நாளில் அதே வாசலுக்கு எதிரே எத்தனையோ கலியாணப் பந்தல்கள் நின்றிருக்கின்றன.

அந்த முற்றம் எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை, தோழர்களே. நாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றோம். ஒருவர் தண்ணீர் டிரம் வைத்தார். அடுத்தவர் அதைச் சுற்றித் தகரம் அடித்துக் குளியலறை ஆக்கினார். இன்னொருவர் மகனுக்குக் கலியாணம் ஆனதும் ஓர் அறை இழுத்தார். நானும் யோக்கியன் அல்ல. என் வாசலில் இரண்டடி கூட்டித் தரை போட்டவன்தான். பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை எப்படிப் படுப்பது? ஆகவே 'கட்டாதே' என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. மும்பையில் குடும்பம் பெருகினால் கட்டத்தான் வேண்டும். எங்கே கட்டுவது, எதைத் தொடாமல் விடுவது, அதை யார் முடிவு செய்வது என்பதே கேள்வி.

இதுவரை யாரும் முடிவு செய்யவில்லை. முந்தியவர் எடுத்துக்கொண்டார். இனிமேல் பில்டர் முடிவு செய்வார் போலிருக்கிறது. ஒப்புதல் படிவத்தோடு ஆட்கள் வீடு வீடாக வருகிறார்கள். நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை சதுர அடி? எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் முதலில் 225 சதுர அடி, பிறகு 269, இப்போது 300. உயர்ந்தது நல்லதுதான். ஆனால் கதவுக்கு உள்ளே இருக்கும் அடியைத்தான் கேட்கிறோம். ஜன்னலுக்கு வெளியே எத்தனை அடி என்று கேட்பதில்லை.

பில்டரின் லாபம் அந்த வெளியே உள்ள அடியில்தான் இருக்கிறது. நமக்கு வீடு இலவசம். மீதி நிலத்தில் கட்டி விற்பது அவர் உரிமை. நம் கட்டடங்களை ஒரு மூலையில் எவ்வளவு நெருக்கி அடுக்குகிறாரோ, அவ்வளவு நிலம் விற்பனைக்கு மிச்சம்.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் இந்த ஊரில் ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. 1896-இல் பிளேக் வந்த பிறகு, 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. அந்த டிரஸ்ட் ஏழைகளுக்கு நண்பன் அல்ல. இடித்த அளவுக்கு அவர்களுக்கு வீடு கட்டித் தரவில்லை. ஆனாலும் அது ஒரு விதியைக் கொண்டுவந்தது: எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து நம் கட்டடத்தின் அடிவரை கோடு இழுத்தால், அது 63½ டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. எளிதாகச் சொன்னால், உயரம் 2 பங்கு என்றால் திறந்த வெளி 1 பங்கு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு கோவண்டியில் நட்வர் பாரிக் காம்பவுண்டுக்குப் போய்ப் பாருங்கள். மறுகுடியேற்றத்துக்காகக் கட்டியவை; தரைத்தளத்துக்கு மேல் 7 மாடி. பழைய கணக்குப்படி நடுவில் 10 மீட்டருக்கு மேல் வேண்டும். இருப்பதோ சுமார் 3 மீட்டர். பகலிலும் கீழ்வீடுகளில் விளக்கு எரிகிறது. அங்கும் அருகிலுள்ள குடியிருப்புகளிலும் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என்று அது காட்டியது. குடிசையிலிருந்து மாடிக்குப் போனவர்களுக்குக் கிடைத்த பரிசு இது.

எங்கள் ரயில்வேயில் தண்டவாளத்தின் மையத்திலிருந்து இத்தனை தூரத்துக்குள் கம்பமோ சுவரோ நிற்கக் கூடாது என்று அளவு அட்டவணை உண்டு. 'ஓர் அடிதானே' என்று அங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. வண்டிக்கு இருக்கும் அந்த மரியாதை மனிதன் மூச்சு விடும் இடத்துக்கு இல்லை.

என் யோசனை இது. தெருவை ஒட்டிய ஓரங்களிலும் மூலைகளிலும் கட்டட்டும், உயரமாகவும் கட்டட்டும். நடு முற்றம் மட்டும் ஒரே துண்டாக, நான்கு பக்கத்து வீடுகளுக்கும் பொதுவாக நிற்க வேண்டும். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டும். வண்டிகள் நிறுத்த அதைக் கொடுக்கக் கூடாது. விடியற்காலையில் இட்லி விற்கப் போகிறவர்கள் அண்டா கழுவுவது எங்கே? தாய்மார்கள் வடகம் காயவைப்பது எங்கே? ஏழாம் மாடி வராந்தாவிலா? முற்றம் போனால் பிழைப்பும் போகிறது என்பதைப் பேச்சுவார்த்தைக்குப் போகும் நம் ஆண்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தக் குழுவில் பெண்கள் பாதிப்பேர் இருந்தால் மறக்கமாட்டார்கள்.

கையெழுத்துக்கு முன்னால் வரைபடத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருந்தால் பயம் வேண்டாம். இங்கே பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள். வரைபடம் காட்ட மறுப்பவருக்குப் படிவத்தை வெற்றாகவே திருப்பிக் கொடுங்கள்.

வருகிற ஞாயிறு மாலை 5 மணிக்கு எங்கள் சாலில் மிச்சமிருக்கும் முற்றத்தை டேப் வைத்து அளக்கப் போகிறோம். எந்தத் தகரத்தை எடுப்பது, யாருக்கு மேலே இடம் கொடுப்பது என்று அங்கேயே பேசுவோம். சண்டை வரும், தெரியும். என் வாசலில் நான் போட்ட இரண்டடித் தரையிலிருந்து அளவைத் தொடங்கலாம்.