அறுபத்தோராவது அலகு

"லைற்ற நூத்துப்போட்டுப் படு மகள், பில் கூடப்போகுது."

இரவு பத்து மணியானால் எங்கள் வீட்டில் கேட்கும் குரல் இது. வகுப்பில் ஒருநாள் இதைச் சொன்னேன். "எங்கட உம்மாவும்தான்" என்று பாதிப்பேருக்கு மேல் கையை உயர்த்தினார்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் விளக்குத்தான் சோனகதெருவில் மின்சாரம் தின்னும் பெரிய பூதம் என்று பெற்றோர் பலர் நம்பியிருக்கிறார்கள் போலும். அந்த நம்பிக்கையைக் கணக்குப் போட்டுப் பார்த்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

கணக்கு கடினமானதல்ல. 1000 வாற்று ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஓர் அலகு. என் மேசை விளக்கு 9 வாற்று எல்.ஈ.டி. தினமும் நான்கு மணித்தியாலம், முப்பது நாள்: ஓர் அலகும் சொச்சமும். உம்மா சொல்வதில் நியாயம் இருந்த காலம் ஒன்று உண்டு. மஞ்சள் வெளிச்சம் தரும் பழைய 60 வாற்றுக் குமிழாக இருந்தால் இதே படிப்புக்கு ஏழு அலகுக்கு மேல் போயிருக்கும். குமிழ் மாறிவிட்டது, ஏச்சு மாறவில்லை. போனைச் சார்ஜில் போடுவதற்கும் இதே கதைதான். தினமும் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தாலும் மாதம் ஓர் அலகு வராது. (போன் பாவிப்பதற்கு வேறு ஏச்சு உண்டு, அது இந்தக் கட்டுரைக்கு வெளியே.)

அப்படியானால் மின்சாரம் எங்கே போகிறது? எழுதியிருக்கும் வாற்றை மணித்தியாலத்தால் பெருக்கும் முறை விளக்குக்கும் மின்விசிறிக்கும் சரிவரும். குளிர்சாதனப்பெட்டிக்குச் சரிவராது. அது நாள் முழுவதும் செருகியே இருந்தாலும் விட்டு விட்டுத்தான் இயங்கும். அதை அளக்க எனக்கு ஒரு கலியாணம் உதவியது. குடும்பமாகப் புத்தளம் போனபோது குளிர்சாதனப்பெட்டி தவிர எல்லாவற்றையும் நிறுத்தி, மின்மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் 2 அலகு ஏறியிருந்தது. ஒருவரும் கதவைத் திறக்காமலே நாளுக்கு ஓர் அலகு, மாதத்துக்கு 30. கதவின் இறப்பர் ஓரத்தில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன். தடையே இல்லாமல் கையோடு வந்தது. குளிர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் விளக்கை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

இஸ்திரிக்கைப் பெட்டியை அளந்த விதம் இன்னும் சுவையானது. புதிய மின்மானியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு துடிக்கும். ஓர் அலகுக்கு எத்தனை துடிப்பு என்று மின்மானியின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும், எங்களுடையதில் 1600. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலையில் என் வெள்ளைச் சீருடையும் பர்தாவும், தம்பியின் சேர்ட்டும், வாப்பாவின் சேர்ட்டும் அழுத்தி முடியும்வரை தம்பியை மின்மானியின் முன் நிறுத்தி எண்ண வைத்தேன். 256 என்றான். அவன் எண்ணியது சரியென்றால் 0.16 அலகு, மாதம் முழுவதும் ஏறக்குறைய 5. ஒவ்வொரு நாளும் பெட்டி சூடேறவே அதில் ஒரு பங்கு போகிறது. கிணற்று மோட்டர் அரைக் குதிரைவலு, நாளுக்கு அரை மணித்தியாலம் ஓடினால் மாதம் ஏழெட்டு. ஒரு மின்விசிறி இரவில் எட்டு மணித்தியாலம் சுழன்றால் பதினெட்டு. எல்லாம் கூட்டினால் எங்கள் வீடு மாதம் 58, 63, 61 என்று அறுபதைச் சுற்றியே நிற்கிறது.

அறுபது என்பது ஏன் முக்கியம் என்பதைப் பில்லின் பின்பக்கம் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2025 ஜூன் மாதம் வந்த விலைப்பட்டியலின்படி, மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 அலகும் ஒவ்வொன்று 4.50 ரூபா, அடுத்த 30 அலகும் 8 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா. 60 அலகுக்கு மொத்தம் 585 ரூபா. அறுபதைத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதலாவது அலகிலிருந்தே விலை மாறுகிறது. முதல் 60 அலகும் 12.75 ரூபா, அதற்கு மேல் 90 அலகு வரை 18.50 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. 61 அலகுக்கு 1183 ரூபா 50 சதம். வரியை இதில் சேர்க்கவில்லை. அறுபத்தோராவது அலகு ஒன்றின் விலை 598 ரூபா 50 சதம்!

இங்கேதான் "இந்தச் சாமானுக்கு மாதம் எவ்வளவு செலவு?" என்ற கேள்வியே சறுக்குகிறது. என் விளக்கின் ஓர் அலகு ஐம்பதாவது அலகாக இருந்தால் 8 ரூபா. அறுபத்தோராவதாக இருந்தால் அறுநூறு ரூபா. விளக்கு ஒன்றுதான், அது வரிசையில் எங்கே நிற்கிறது என்பதே வேறு. மின்மானிக்கு வரிசை தெரியாது. வரிசையைத் தீர்மானிப்பது வீட்டார். பத்து மணிக்குக் கடைசியாக எரிந்துகொண்டிருப்பது பிள்ளையின் விளக்கு என்பதால் கூடிய காசு முழுவதும் அதன் தலையில் விழுகிறது. பகல் முழுவதும் சத்தமில்லாமல் 30 அலகைக் குடித்த பெட்டியை ஒருவரும் ஏசுவதில்லை. என் அபிப்பிராயம் இதுதான்: படிக்கிற பிள்ளையின் விளக்கை முதலாவது அலகாக எண்ணுங்கள். கடைசி அலகு எது என்று தேடும்போது இறப்பர் ஓரத்தையும் இஸ்திரிக்கைப் பெட்டியையும் பாருங்கள்.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று எங்கள் வீடுகளில் நடக்கிறது. அதற்கு உம்மாமார் காரணமல்லர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இங்கிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பங்கள் புத்தளத்தில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டுதான் திரும்பின. (அங்கே தங்கியிருந்த கற்பிட்டிப் பக்கத்து நுரைச்சோலையில்தான் இன்று 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் நிற்கிறது. நாங்கள் இங்கே வந்தோம், அங்கிருந்து மின்சாரம் கம்பிவழியே பின்னால் வருகிறது என்று உம்மும்மா பகிடியாகச் சொல்வார்.) போகும்போது ஒரு குடும்பம், வரும்போது மூன்று. வீடோ ஒன்று, உறுதி பாட்டனாரின் பெயரில், மின்மானியும் ஒன்று.

அப்படியொரு வளவில் மூன்று குடும்பம், குடும்பத்துக்கு 50 அலகு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மின்மானி இருந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 505 ரூபா. ஒரே மின்மானியில் 150 அலகாகச் சேரும்போது பில் 4770 ரூபா. மூன்றாகப் பங்கிட்டால் 1590 ரூபா. அதே விளக்கு, அதே மின்விசிறி, மூன்று மடங்குக்கு மேல் காசு. குறைவாகப் பாவிப்பவர் வறியவர், கூடப் பாவிப்பவர் வசதியானவர் என்பது இந்த விலைப்பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். தனியாக இருக்கும் வசதியான ஒருவர் சலுகை விலைக்குள் நிற்கிறார், பன்னிரண்டு பேர் நெருங்கி வாழும் வளவு செல்வந்தர் வரிசையில் ஏறிவிடுகிறது. பிறகு யாருடைய மின்விசிறி, யாருடைய மோட்டர் என்று சாச்சிக்கும் மாமிக்கும் மனக்கசப்பு வேறு. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பும்போதுகூட ஒருவர் விளக்கை மற்றவர் பார்க்கிறார்.

விலையை மாற்றுமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. அடுத்த முறை கேட்கும்போது நாங்கள் ஏன் எழுதக்கூடாது? ஒரே வளவில் தனி அடுப்பு வைத்திருக்கும் குடும்பங்களை எண்ணி அதற்கேற்ப அறுபதைப் பெருக்கித் தாருங்கள், அல்லது உறுதி பிரிபடும்வரை காத்திருக்கவிடாமல் தனி மின்மானி தாருங்கள் என்று கேட்பது தர்மம் கேட்பதாகாது. வெறும் முறைப்பாடாக அனுப்பாமல் மூன்று மாதப் பில்லையும் குடும்ப எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பினால் நன்று. கணிதப் பிரிவு மாணவிகளுக்கு இது ஒரு பிற்பகல் வேலை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்றைச் செய்கிறோம். பில் வரும்வரை காத்திராமல் கலண்டரில் ஒவ்வொரு ஞாயிறும் மின்மானி எண்ணை எழுதுகிறேன். நாளுக்கு இரண்டு அலகுக்குக் குறைவாக நின்றால் அறுபதுக்குள் நிற்கலாம். குளிர்சாதனப்பெட்டிக்குப் புது இறப்பர் போட்டாயிற்று. துணிகளைச் சனிக்கிழமை ஒரேயடியாக அழுத்துகிறோம். தம்பியின் சேர்ட் புதன்கிழமையே கசங்கிவிடுகிறது, அதற்கு விலைப்பட்டியல் பொறுப்பல்ல.

இந்த மாதம் 22 நாளில் 43 அலகு. நேற்றிரவு பத்தரைக்கு உம்மா என் அறைக்கு வந்தார். விளக்கைப் பார்த்தார். "மீட்டர் எத்தனையில நிக்குது?" என்று கேட்டார். சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்தார்.