'பழகிவிடும்' என்று சொல்பவர்களுக்கு

பெருங்குடலை முழுவதும் அகற்றி, சிறுகுடலின் கடைப்பகுதியை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்து ஆசனவாயோடு இணைக்கும் அறுவை சிகிச்சை இன்று நம் பெருநகர மருத்துவமனைகளில் நடக்கிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் குடற்புண் நோய் முற்றியவர்களுக்கும், பரம்பரையாகக் குடலில் கட்டிகள் தோன்றும் குடும்பத்தினருக்கும் இது உயிர் காக்கும் சிகிச்சை. 1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பார்க்ஸும் நிக்கல்ஸும் இதை வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் ஜப்பானின் உட்சுனோமியா எளிய வடிவம் தந்தார். அந்த அறிவுக்கு முன் நான் தலைவணங்குகிறேன். என் சண்டை அறுவையோடு அல்ல. வீட்டுக்குப் புறப்படும் நோயாளியிடம் சொல்லப்படும் ஒற்றைச் சொல்லோடு: "பழகிவிடும்."

எதற்குப் பழக வேண்டும்? முதற்சில வாரங்களில் நாளொன்றுக்குப் பத்து முறைக்கும் மேல் மலம் கழிய நேரும். பை மெல்ல விரிந்துகொடுக்க, ஓராண்டளவில் அது நான்கிலிருந்து எட்டு முறைக்குள் அடங்கும். இரவில் ஒருமுறை எழ வேண்டியிருக்கும். நீரை உறிஞ்சப் பெருங்குடல் இல்லாததால் வெளியேறுவது நீர்த்த மலம். செரிமான நொதிகளும் பித்த அமிலங்களும் அதில் கலந்தே வரும். அவை படும் தோல் வெந்து புண்ணாகிறது. இரண்டாம் நாளே உட்கார முடியாது. இதைக் 'கொஞ்சம் எரிச்சல்' என்று எழுதுபவர்கள் ஒருநாளாவது அந்த எரிச்சலோடு பேருந்தில் நின்று பார்க்கட்டும்.

இதற்கு வழிகள் இல்லாமலில்லை. ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசிவிட்டால் மலம் நேரடியாகத் தோலைத் தொடாது. வாசனைச் சோப்பு ஆகாது. காகிதத்தால் துடைக்கும் நாடுகளில் தனியாகச் சொல்லித்தர வேண்டிய தண்ணீர் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. சோறு, வாழைப்பழம், தயிர் ஆகியவை மலத்தைச் சற்று இறுக்கும். மிளகாய் உள்ளே போனதுபோலவே வெளியேயும் எரியும். மருத்துவர் சொன்ன அளவில் லோபரமைடை உணவுக்கு அரைமணி நேரம் முன் எடுத்தால் குடலின் வேகம் தணியும். உப்பும் நீரும் அதிகம் இழக்கப்படுவதால் உப்பிட்ட மோரும் கஞ்சியும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் வேண்டும். அடங்கியிருந்த எண்ணிக்கை திடீரென ஏறி, காய்ச்சலோ இரத்தமோ வயிற்று இழுப்போ சேர்ந்தால் அது பையின் அழற்சி. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி இந்த அறிவுரைகளைக் கையில் கொடுத்து ஒருவரைக் கோலார் தங்கவயலுக்கு அனுப்புவோம். 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இந்த ஊரின் பிழைப்பு ரயிலில் இருக்கிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காரப்பேட்டை கடந்து, பெங்களூரில் காவலாளியாகவோ துப்புரவுப் பணியாளராகவோ கடைச் சிப்பந்தியாகவோ நாள் முழுக்க நின்றுவிட்டு, இருட்டிய பின் திரும்புகிறார்கள் ஆயிரக்கணக்கானோர். கழிவறை உள்ள பெட்டியிலேயே ஏறினாலும் நெரிசலில் அதன் கதவுவரை போய்ச்சேர முடியாது. ஆகவே நோயாளி என்ன செய்வார்? முந்திய இரவு சாப்பிட மாட்டார். காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார். வெறும் பை ஓய்வெடுப்பதில்லை. காற்றும் பித்தநீருமாய்ச் சேர்ந்து இன்னும் மோசமாக எரிக்கும். நீரிழப்பு சிறுநீரகத்தைத் தாக்கும். பையின் கொள்ளளவைப் பெருக்கச் சில நிமிடங்கள் விரும்பித் தள்ளிப்போடுவது ஒரு பயிற்சி. வழியின்றி இரண்டு மணி நேரம் அடக்குவதை அந்தப் பெயரால் அழைக்க முடியாது. பெண்களின் நிலையைத் தனியாக விவரிக்க வேண்டுமா என்ன?

கழிவறை இந்த ஊரில் என்றைக்கும் உடலின் தேவையை வைத்துப் பங்கிடப்பட்டதில்லை. 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. தொழிலாளர் லைன்களிலோ அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகள்வரை எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. அவற்றை மனிதர்கள் கையால் அள்ளினார்கள். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் காற்றையும் மனிதர்களையும் இறக்கத் தெரிந்த பொறியியலுக்கு, தொழிலாளியின் வீட்டருகே ஒரு நீர்க்கழிப்பறை கட்டத் தெரியாமல் போனது என்று நம்ப நான் தயாரில்லை. அந்த அள்ளும் தொழிலில் இருந்த குடும்பமொன்றில், இதே தங்கவயலில், 1966இல் பிறந்தவர்தான் பெஸ்வாடா வில்சன். எடுப்புக் கக்கூஸ்களுக்கு எதிராக அவர் இங்கே தொடங்கிய போராட்டம் நாடெங்கும் பரவியது. 2016இல் மகசேசே விருதும் வந்தது. மலத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் எழுதுவது அந்த ஊரைப் பற்றி.

தண்ணீர்க் கதை இன்னும் கொடுமையானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத மாவட்டம் கோலார். 2018 முதல் கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின்கீழ் பெங்களூரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு இம்மாவட்டத்தின் ஏரிகளுக்கு அனுப்பப்படுகிறது. அதாவது பெங்களூரின் கழிவறைகளில் ஓடிய நீர் குழாய்வழியே கோலாருக்கு வருகிறது. கோலாரிலிருந்து பெங்களூருக்குப் போய் அந்தக் கழிவறைகளைத் துடைப்பவருக்கோ, அவசரத்துக்கு அதே கழிவறையைப் பயன்படுத்த அனுமதி இல்லாத கட்டடங்கள் உண்டு. ஒரு நாளைக்கு எட்டு முறை கழுவச் சொல்லும் மருத்துவம் இந்தக் குழாயின் இரு முனைகளையும் பார்க்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் குடல் இல்லை. ரயில்வேயின் சலுகைப் பட்டியலில் வயிற்றில் துளையிட்டு வெளிப்பை அணிந்தவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் இடமுண்டு. ஆனால் இந்த அறுவை முடிந்து, தற்காலிகமாக இட்ட துளையை மூடி, பை உள்ளே போனதும் அவர் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறார். வெளியே தொங்கினால் நோய், உள்ளே இருந்தால் நலம்! எண்ணிக்கையோ அப்போதுதான் ஏறத் தொடங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத நோயைச் சட்டம் அங்கீகரிக்க முடியாது என்ற வாதத்தைத் தங்கவயல்காரர்களிடம் சொல்லக் கூடாது. கை கால் போகாமல், பாறைத்தூள் நுரையீரலை மட்டும் கல்லாக்கும் சிலிகோசிஸுக்கு இழப்பீடு தர மைசூர் அரசு 1940இலேயே விதிகள் வகுத்தது. அதற்குக் காரணம் இந்தச் சுரங்கங்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005இல், இத்தகைய நோயுள்ளவர் கேட்டால் கடைகள் தம் ஊழியர் கழிவறையைத் திறந்துவிட வேண்டுமென்று சட்டம் இயற்றியது. தொலைவு போக வேண்டாம்: கடை ஊழியர் உட்கார நாற்காலி தர வேண்டுமென்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. நாற்காலிக்குச் சட்டம் இருக்குமானால், உட்காரவே முடியாதவருக்குக் கழிவறைச் சட்டம் ஏன் இருக்கக் கூடாது?

"மருத்துவர் என்ன செய்ய முடியும், அவர் வேலை அறுப்பதும் தைப்பதும்தானே" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். மூன்று காரியங்கள் செய்யலாம். அறுவைக்கு முன் நிரப்பும் படிவத்தில் இரத்தவகைக்குக் கீழே இன்னும் சில வரிகள் சேர்க்கலாம்: வீட்டிலிருந்து கழிவறை எத்தனை அடி தொலைவு, அதை எத்தனை குடும்பங்கள் பகிர்கின்றன, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வேலைக்குப் போகும் வழி என்ன. விடுவிப்புச் சீட்டில் 'ஓய்வு' என்று எழுதும் அதே பேனாவால், 'வேலை நேரத்தில் தடையின்றிக் கழிவறை செல்ல அனுமதிக்க வேண்டும்' என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரலாம். பட்டியலின் 22ஆம் இடத்துக்காகத் தம் சங்கங்களின் பெயரில் மனுக் கொடுக்கலாம். மாரிக்குப்பத்திலிருந்து கையெழுத்துகள் நாங்கள் கொண்டுவருகிறோம்.